காற்றுக் கூண்டு வைத்த வீடு

இங்கே ஜெர்மனியில் என் வீட்டுத் திரைச்சீலை ஆடி நான் பார்த்ததே இல்லை. சுவர் ஒரு முழம் கனம், ஜன்னலுக்கு மூன்று கண்ணாடி, இண்டு இடுக்கெல்லாம் டேப் ஒட்டி அடைத்திருக்கிறார்கள். உடம்புச் சூடும் அடுப்புச் சூடும் வெளியே போகாமல் வீட்டைக் காக்கும். பாசிவ்ஹவுஸ் என்பார்கள், இப்படிக் கட்டுவதுதான் என் பிழைப்பு. முதல் பனிக்காலத்தில் மூச்சு முட்டி ஜன்னலைத் திறந்தேன். கீழ்வீட்டு அம்மாள் ஓடி வந்து, "ஏதாவது கருகிவிட்டதா?" என்றாள். "இல்லை, காற்று வேண்டும்" என்றேன். "அதுதான் மெஷினில் வருகிறதே!" என்று ஒரு மாதிரியாகப் பார்த்தாள். அன்றிலிருந்து திறப்பதில்லை. கதவைச் சாத்தினால் காதுக்குள் என் ரத்தம் ஓடுவது கேட்கும். சிரிக்காதீர்கள், சில நாள் பயமாகவே இருக்கும்.

எங்கள் ஊர் கத்திவாக்கத்தில் செல்வி அக்காவுக்கு வீடு கட்டியபோது, இதற்கு நேர்மாறாகக் கட்டுவேன் என்று வீம்பு பிடித்தேன். இறால் விற்று என்னைப் படிக்க வைத்தவள் அவள். தகரக் கூரைக்கடியில் வெந்து வெந்து வீசிங் வந்துவிட்டது. கிழக்கே கடலைப் பார்த்துப் பெரிய ஜன்னல்கள், மாடியில் வெள்ளை ஓடு, கூடத்துக்கு மேலே உயரமாக ஒரு காற்றுக் கூண்டு. கடல்காற்று கீழே நுழையும், சூடு கூண்டு வழியே மேலே போய்விடும். ஏசியே வேண்டாம்.

கொத்தனார் ஏழுமலை அண்ணன் கூண்டின் வாயைப் பார்த்து, "வடக்காலயும் தொறந்து வெச்சிகீறியே நைனா, வாடை வந்தா இன்னா பண்ணுவ?" என்றார். கம்ப்யூட்டரில் கணக்கெல்லாம் போட்டாச்சு என்று அவர் வாயை அடைத்தேன். வாடைக்காற்று எனக்குத் தெரியாதா? கட்டுமரக்காரன் பிள்ளை நான். மார்கழியில் வடக்கிலிருந்து சில்லென்று வரும், நல்லதுதானே. முகத்துவாரத்துக்கு அக்கரையில் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகளும் அதே வடக்கில்தான் நிற்கின்றன என்பது என் கணக்கில் ஏறவே இல்லை. சின்ன வயசிலிருந்து பார்த்த கண்ணுக்கு அவையும் வானத்தோடு சேர்ந்துபோயிருந்தன.

வைகாசியில் வீடு குளுகுளுவென்றிருந்தது. மார்கழியில் அக்கா போனில், "வூடு மூச்சு வுடுதுடா" என்றாள். "மேலேர்ந்து யாரோ பெருமூச்சு வுட்றா மாதிரி கீது." காற்று தலைகீழாக இறங்குகிறது என்று எனக்கு அப்போதே புரிந்திருக்க வேண்டும். "பழகிடும்க்கா" என்றேன். மடையன்.

போன ஞாயிற்றுக்கிழமை, அங்கே மத்தியானம் மூன்று மணிக்கு, சொல்லாமல் வீடியோவில் கூப்பிட்டேன். கூடத்துத் தரையில் படுத்திருந்த அக்கா போனைச் சுவரில் சாய்த்துவிட்டு, "இரு, மூஞ்சி கழுவிகினு வர்றேன்" என்று எழுந்து போனாள். அவள் படுத்திருந்த இடம் திரையில் தெரிந்தது. சிவப்புத் தரையில் தலை, தோள், மடக்கிய கால், எல்லாம் துல்லியமாக. சுற்றிலும் சாம்பல். செத்த உடம்பைச் சுற்றிப் போலீஸ்காரன் சாக்பீஸால் வரைவானே, அப்படி. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேலே ஒரு பெருமூச்சு கேட்டது; அந்த உருவத்தின் மேல் மெல்ல இன்னும் கொஞ்சம் சாம்பல் இறங்கியது.

"இன்னாக்கா இது!" என்று கத்தினேன்.

"நீ கூப்புட்ற நேரத்துக்கு முன்னாடியே பெருக்கித் தொடச்சிடுவேன். இன்னிக்கு மாட்டிகினேன்." சிரிக்கப் பார்த்தாள், இருமல்தான் வந்தது.

"ஏன் சொல்லல?"

"ஆசையா கட்ன. மூடச் சொன்னா கோச்சிகினு இந்தப் பக்கமே வராம பூடுவியோன்னு பயம்டா."

அழுதுவிட்டேன். வேறென்ன செய்வது?

மறுநாளே ஏழுமலை அண்ணனைக் கூண்டை அடைக்கச் சொன்னேன். 'அன்னிக்கே சொன்னேனே' என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை, சொல்லியிருக்கலாம். அக்கா போனை மேலே தூக்கிப் பிடித்தாள். கல் கல்லாக வானம் சின்னதாகி, கூடம் இருட்டியது. இப்போது தினமும் கேட்கிறேன், இரைப்பு எப்படி இருக்கிறதென்று. "பரவால்லடா" என்கிறாள். அவள் சொல்வதை இனி எப்படி நம்புவது?

அந்த ஞாயிற்றுக்கிழமை போனை வைத்ததும் என் கூடத்துத் தரையில் படுத்தேன், அக்கா படுத்திருந்த மாதிரியே, காலை மடக்கிக்கொண்டு. வெகுநேரம் கழித்து எழுந்து விளக்கைப் போட்டுக் குனிந்து பார்த்தேன். யாரும் படுத்ததற்கான அடையாளமே இல்லை.