ஆறாங் கிளாஸ் எலெக்‌ஷன்

போன ஞாயிற்றுக்கிழமை. காபி இன்னும் வாய்க்குப் போகவில்லை, காலிங் பெல் அடித்தது.

வாசலில் மூன்றாவது மாடிக்காரர். கம்ப்யூட்டர் கம்பெனியில் பெரிய வேலை. கையில் வழவழவென்று ஒரு கலர் நோட்டீஸ்.

"மேடம், ஸ்கூல் பேரன்ட்ஸ் கமிட்டி எலெக்‌ஷன்ல நிக்கிறேன். உங்க பேத்தியும் அங்கதானே படிக்கிறா? மருமகன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க."

வாங்கிப் பார்த்தேன். எல்லா வகுப்பிலும் ஏ.சி. பஸ்ஸில் கேமரா. நீச்சல் குளம்...

"தமிழ் மிஸ் போன வருஷமே வேலையை விட்டுட்டாங்களாமே, வேற ஆள் போடுவீங்களா?" என்றேன்.

அவர் சிரித்தார். தேர்தலில் நிற்பவர்களுக்கென்றே ஒரு சிரிப்பு உண்டல்லவா, அது. "நோட் பண்ணிக்கிறேன் மேடம்" என்றார் — எதிலும் எழுதிக்கொள்ளாமல்.

அவரைக் குறை சொல்லவில்லை. பள்ளிக்கூடத்துக்காக ஒரு மனிதர் ஞாயிற்றுக்கிழமை மாடிப்படி ஏறி இறங்குகிறாரே, அதுவே பெரிசு. ஆனால் கதவைச் சாத்தியதும் எனக்கு வேறொரு எலெக்‌ஷன் ஞாபகம் வந்துவிட்டது. காபி ஆறிப்போனதுதான் மிச்சம்.

அறுபதுகளின் தொடக்கம். டீச்சர் ட்ரெய்னிங் முடித்ததும் எனக்குக் கிடைத்த முதல் வேலை, கொடைக்கானலுக்கும் மேற்கே ஒரு மலைக் கிராமத்தில். ஊர்ப் பெயர் வேண்டாம், அந்தக் குடும்பங்கள் இன்னும் அங்கேதான் இருக்கின்றன. அப்பாவுக்குப் பழனி அடிவாரத்தில் பூஜைச் சாமான் கடை. கடையைச் சித்தப்பாவிடம் விட்டுவிட்டு, வத்தலக்குண்டு சுற்றி பஸ்ஸில் என்னைக் கூட்டி வந்தார். கொடைக்கானலிலிருந்து உருளைக்கிழங்கு லாரி. லாரி நின்ற இடத்திலிருந்து நடை. ஊரைப் பார்த்ததும் அப்பா மஃப்ளரை இறுக்கிக்கொண்டார்.

"இந்தப் பனிக்குள்ள கெடந்து என்னம்மா செய்யப்போறே? வெரசா மாத்தல் வாங்கிட்டு வந்துரு."

நான் வாங்கவில்லை. அதற்கு ஒரு காரணம் பொன்னுத்தாயி.

பள்ளிக்கூடம் அஞ்சாம் வகுப்பு வரைதான். ஒரே கொட்டகை, ஒரே டீச்சர். நான் சேர்ந்த முதல் வாரம், அஞ்சாம் வகுப்பு வரிசையில் ஒரு பெண் புத்தகத்தைத் திறக்காமலே பாடத்தைக் கடகடவென்று ஒப்பித்தாள். அசந்துபோனேன்.

"எப்படி இவ்வளவு சீக்கிரம் படிச்சே?"

"இது எனக்கு ரெண்டாவது வருஷம் டீச்சர்."

"ஃபெயிலா?"

"இல்ல டீச்சர். பாஸு. ஆறாங் கிளாஸு இல்லைல்ல... அதான் இங்கனயே உக்காந்துக்கிட்டேன்."

பாஸ் பண்ணிவிட்டு, போக இடமில்லாமல், படித்த வகுப்பிலேயே மறுபடி உட்கார்ந்திருக்கிறது ஒரு குழந்தை! உட்காரு என்று சொன்னேன். வேறென்ன சொல்ல?

பொன்னுத்தாயியின் அப்பா குருசாமி. ஊரில் பெரிய பூண்டு விவசாயி. மட்டக்குதிரைகள் வைத்திருந்தார். ஊரிலுள்ள எல்லோருடைய பூண்டும் அந்தக் குதிரைகளின் முதுகில் ஏறித்தான் லாரி நிற்கும் இடத்துக்குப் போக வேண்டும். அதனால் அவர் சொல்லுக்கு யாரும் மறுசொல் சொல்வதில்லை. கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். எனக்குத் தங்க ஊர்க்கோடியில் ஓர் அறை கொடுத்து, குளிருக்கு விறகும் அனுப்பியவர் அவர்தான்.

அந்த வருஷம் ஸ்கூல் இன்ஸ்பெக்டர் வந்தார். ஊரே கூடி ஒரு பள்ளிக் கமிட்டியும் அதற்கொரு தலைவரும் தேர்ந்தெடுக்க வேண்டும். வகுப்பைக் கூட்டுவதா, கட்டடம் போடுவதா என்று கமிட்டி எழுதிக் கொடுத்தால் மேலே அனுப்புவதாகச் சொன்னார். ஆணும் பெண்ணும் வந்து ஓட்டுப் போட வேண்டும் என்றார். அதுதான் ஊருக்குப் புதுசு.

குருசாமி தலைவருக்கு நின்றார். அவரை எதிர்த்து நிற்பதற்கும் ஒருவர் துணிந்தார் — செல்லையா. சிலோன் தேயிலைத் தோட்டத்தில், லயம் என்று சொல்லும் கூலி வரிசை வீட்டில் பிறந்து வளர்ந்து, குடும்பத்தோடு இங்கே வந்து சேர்ந்தவர். குருசாமியிடமே குத்தகைக்கு நிலம் பிடித்து உருளைக்கிழங்கு போட்டிருந்தார்.

தேர்தலுக்கு முந்தைய வாரம் இன்ஸ்பெக்டர் முன்னிலையில் கொட்டகையில் கூட்டம். ஆண்கள் பெஞ்சில். பெண்கள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு பின்னால் தரையில். குருசாமி முதலில் எழுந்தார்.

"காலைல பனி விலகவே நேரமாகுது. பிள்ளைக வெள்ளனே வந்து நடுங்கிக்கிட்டு உக்காந்திருக்குதுக. வெயில் வந்தப்புறம் மணியடிக்கட்டும். பூண்டு பிடுங்குறப்ப லீவு விடணும், அப்பத்தான் எல்லாப் பிள்ளைகளும் திரும்பி வரும். சரிதானுங்க டீச்சர்?"

சரிதான். இன்றைக்கும் சொல்கிறேன், இதைவிட நல்ல யோசனையை எந்தக் கல்வி அதிகாரியிடமும் நான் கேட்டதில்லை.

"ஆனா இந்த ஆறாங் கிளாஸு... அது நமக்கு எதுக்குங்கேன்? கையெழுத்துப் போடத் தெரிஞ்சுச்சா, பஸ் போர்டு படிக்கத் தெரிஞ்சுச்சா, போதும். பொம்பளப் பிள்ளைக்கு அதுவும் கூடத்தான். சோலி எம்புட்டுக் கெடக்கு வீட்டுல!"

பெஞ்சுக்காரர்கள் தலையாட்டினார்கள்.

செல்லையா மெதுவாக எழுந்தார். "எனக்குப் பேச வராதுங்க. தோட்டத்துல எங்களுக்கும் அஞ்சு வரைக்குந்தான் இஸ்கூலு. அதுக்கு மேல இருந்திருந்தா என் தங்கச்சி படிச்சிருக்கும். அஞ்சு முடிஞ்ச மறுநாளே கங்காணி வந்து கொழுந்துக் கூடைய மாட்டிவிட்டுட்டாரு. அது அழுததை நான் பாத்தேன். அம்புட்டுத்தாங்க."

உட்கார்ந்துவிட்டார். அவருடைய தேர்தல் பிரசாரமே அவ்வளவுதான்!

யாருக்காவது கேள்வி உண்டா என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். பின்னாலிருந்து ஒரு பெண் குரல் வந்தது. குருசாமியின் மனைவி வெள்ளத்தாயி.

"எம் மக நான் பூண்டு உரிக்கிறப்ப பக்கத்துல உக்காந்து பாடம் ஒப்பிக்குதுங்க. ரெண்டு வருசமா அதே பாடந்தான். எனக்கே மனப்பாடமாயிருச்சு. அதுல ஒருத்தர் கப்பலேறிப் போறாரு. நடுக்கடல்ல பொயல் அடிக்குது. அதோட புஸ்தகம் முடிஞ்சுபோச்சு. கரை சேந்தாரா இல்லையான்னு ஆறாங் கிளாஸ்லதான் வருமாமே... நெசமா டீச்சர்?"

"நிஜம்தாங்க" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். குருசாமி எல்லோரையும்விடப் பலமாகச் சிரித்தார். வெள்ளத்தாயி சிரிக்கவில்லை.

ஓட்டுச் சீட்டு, பெட்டி எதுவும் கிடையாது. பள்ளி மைதானத்தில் குருசாமி ஒரு பக்கம், செல்லையா எதிர்ப்பக்கம். யாருக்கு ஓட்டோ அவர் பின்னால் போய் நிற்க வேண்டும். எல்லோர் கண் முன்னாலும்... குதிரைக்காரர் கண் முன்னாலும்!

ஊரே போய்க் குருசாமிக்குப் பின்னால் நின்றது. முந்தின நாள்வரை செல்லையாவின் தோளில் கைபோட்டுப் பேசியவர்களும் தலையைக் குனிந்தபடி அங்கேதான் போனார்கள். செல்லையா பக்கம் அவர் மனைவி மட்டும்.

கடைசியாக வெள்ளத்தாயி எழுந்தார். சேலையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டு, மைதானத்தின் குறுக்கே நடந்தார். செல்லையாவின் மனைவிக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

பாவம், வழி தவறிவிட்டார் என்றுதான் குருசாமி நினைத்தார். "ஏ வெள்ளத்தாயி! அங்க இல்ல. இந்தப் பக்கம்!"

"தெரியுங்க" என்றார் அவர்.

அவ்வளவுதான். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. தோற்றவரைப் பார்த்து ஊர் பரிதாபப்படும். அன்றைக்கு எல்லோரும் ஜெயித்தவரைத்தான் அப்படிப் பார்த்தார்கள். இன்ஸ்பெக்டர் முடிவை அறிவித்து மாலை போட்டார். குருசாமி மாலையைக் கையில் கழற்றிப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

அந்த வீட்டில் என்ன நடக்குமோ? அடியா, வசவா? மறுநாள் பொன்னுத்தாயி வந்ததும் முகத்தைப் பார்த்தேன். வழக்கம்போல அஞ்சாம் வகுப்பு வரிசையில் உட்கார்ந்து புத்தகத்தை விரித்தாள்.

சில நாள் கழித்து, பிள்ளைகள் போனபிறகு குருசாமியே வந்தார். பெஞ்சின் நுனியில் உட்கார்ந்தார். தலைப்பாகையை அவிழ்த்தார், மறுபடி கட்டினார்.

"ஆறாங் கிளாஸுக்கு என்ன வேணும் டீச்சர்?"

"ஒரு அறை வேணும். போதுமான பிள்ளைக வேணும்" என்றேன். பிறகு தயங்கித் தயங்கி, "வீட்ல ஏதாவது சொன்னாங்களா?"

"ஒண்ணுஞ் சொல்லல டீச்சர். வெந்நி வச்சா. சோறு போட்டா. இன்னுங் கொஞ்சம் வாங்கிக்கங்கன்னா. சண்ட போட்டிருந்தா நானும் ரெண்டு போடு போட்டிருப்பேன். இப்படி இருந்தா மனுசன் என்னங்க செய்ய?"

பெஞ்சிலிருந்த சாக்பீஸ் தூளைக் கையால் துடைத்தார்.

"ராத்திரி அடுப்படியில பிள்ள படிச்சுச்சு. ரெண்டு வருசமா அதே வீட்லதான் நானும் இருக்கேன். நேத்துத்தான் காதுல விழுந்துச்சு..." எழுந்தவர் வாசலில் நின்று திரும்பினார். "அந்தாளு கரை சேந்தாரா டீச்சர்?"

"மகளை ஆறாங் கிளாஸ்ல சேருங்க, அவளே சொல்வா" என்றேன். அந்த வயதில் எனக்கு அவ்வளவு வாய்.

அறைக்குக் குதிரை லாயத்தில் பாதியைத் தடுத்துக் கொடுத்தார். குதிரைகள் மறுபாதியில். பிள்ளை சேர்க்க வீடு வீடாகத் தானே போனார் — செல்லையாவையும் கமிட்டியில் சேர்த்து, கூடவே கூட்டிக்கொண்டு. "லயத்துல பொறந்தேன், லாயத்துல கமிட்டி மெம்பர் ஆயிட்டேன்" என்று செல்லையா சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். குருசாமி சொன்னால் யார் மறுப்பார்கள்? எந்தக் குதிரைகளுக்குப் பயந்து ஊர் ஆறாம் வகுப்பு வேண்டாமென்று நின்றதோ, அதே குதிரைகளுக்குப் பயந்து பிள்ளைகளைச் சேர்த்தது!

வெயில் வந்தபிறகுதான் மணியடித்தோம். பூண்டு பிடுங்கும்போது லீவு விட்டோம். ஆறாம் வகுப்பின் முதல் பெயர் பொன்னுத்தாயி. நான் பூகோளம் நடத்தும்போது பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் குதிரை கனைக்கும். கொள்ளு வாசனையும் சாணி வாசனையுமாக, குளிருக்கு இதமாக... அதைவிட நல்ல வகுப்பறையில் நான் பிறகு பாடம் நடத்தியதில்லை.

அடுத்தடுத்த வருஷங்களில் ஏழும் எட்டும் வந்தன. பொன்னுத்தாயி எட்டாம் வகுப்பு முடித்துப் பழனியில் எங்கள் வீட்டில் தங்கி மேலே படித்தாள். டீச்சரும் ஆனாள். குருசாமி அவளைப் பார்க்க வரும்போதெல்லாம் பூண்டு மாலை கட்டிக்கொண்டு வருவார். எங்கள் சமையலறையே மலையாட்டம் மணக்கும்.

சொல்ல வந்தது அதுவல்ல. நான் மாற்றலாகிப் போவதற்கு முன் கமிட்டிக்கு அடுத்த தேர்தல் வந்தது. இன்ஸ்பெக்டர் மைதானத்தில் நின்று கேட்டார்: "குருசாமியை எதிர்த்து யாரும் நிக்கலையா? அப்ப போட்டியில்லாமத் தேர்வானதா அறிவிச்சிரவா?"

குருசாமி அவசரமாகக் கையை உயர்த்தினார்.

"செத்த பொறுங்க சார்... எங்க வீட்ல இன்னும் வரல."