அண்ணை சொன்ன 'காணும்'

போன வருடம் சோளகக் காற்றுக் காலத்தில், ஒரு மாதம் நிற்பேன் என்று சொல்லி அண்ணை வெளிநாட்டிலிருந்து வந்தார். மூன்றாம் நாளே எனக்குச் சந்தேகம் தொடங்கிவிட்டது. அண்ணை என்றால் கூடப்பிறந்தவர் அல்ல, பெரியம்மாவின் மகன். எங்கள் ஊர் சரவணையில் நாங்கள் இருக்கும் வீடு அவருடையது. பதினாறு வருடமாக நானும் என் கணவரும் அதைப் பார்த்துக்கொண்டு இருக்கிறோம். வாடகையும் இல்லை, எழுத்தும் இல்லை, எங்களுக்கென்று வேறு வீடும் இல்லை. அப்படி இருக்கையில் வீட்டுக்காரர் வந்து நின்று இருமினாலும், ஏன் இருமுகிறார் என்று யோசிக்காமல் இருக்க முடியுமா?

முதலில் குசினி லைற்றை நூர்த்தார். "யன்னல் வெளிச்சம் காணும், பிள்ளை." பிறகு விறாந்தையில் இரண்டு குமிழில் ஒன்றைக் கழற்றினார். "ஒண்டு காணும்." நான் தேத்தண்ணிக்குக் கேத்தலை நிரப்பினால் பின்னால் வந்து நின்றார். "ரெண்டு கோப்பைத் தண்ணி காணும். மிச்சத்தை ஏன் சூடாக்கிறாய்?" எங்கள் ஊரில் காணும் என்றால் போதும் என்று அர்த்தம். எனக்கு மட்டும் அவர் சொல்லாததும் சேர்ந்து கேட்டது: நீங்கள் இருந்தது காணும்.

கோபமும் வந்தது. மிச்சம் பிடிப்பதை எனக்கா சொல்லித்தர வேண்டும்? எங்கள் கிணறு உவர். குடிதண்ணீர் பவுசர் லொறியில் வருகிறது. அரிசி கழுவின தண்ணீர் மாட்டுக்கு, மீன் கழுவினது தென்னைக்கு, பனைமட்டை அடுப்புக்கு. உடுப்புகளைச் சேர்த்துவைத்துக் கிழமைக்கு ஒருநாள்தான் அயன் பண்ணுவேன். என் வீட்டில் வீணாகப் போவது என் கணவரின் பேச்சு மட்டும்தான். என் வீடு என்று எழுதும்போதே தெரிகிறது, அந்த நினைப்பு எனக்கு எவ்வளவு ஊறிப்போயிருந்தது என்று.

இதற்குள் அண்ணை அரை வாளித் தண்ணீரில் குளித்தார். உச்சி வெயிலிலும் ஃபானைப் போடாமல் வேம்புக்குக் கீழே கதிரையைப் போட்டு இருந்தார். எங்களுக்குக் காட்டத்தான் நடிக்கிறார் என்று நினைத்தேன்.

இரண்டாம் கிழமை, ஐந்து அறைகளில் இரண்டைப் பூட்டினார். "லைற்றும் மிச்சம், உனக்குக் கூட்டிற வேலையும் மிச்சம்." மீற்றர் பெட்டிக்கு முன்னால் போய் நின்று வெகுநேரம் பார்த்தார். அதற்குப் பிறகு ஒருவன் மோட்டார் சைக்கிளில் வந்து ஏணி வைத்து ஏறி, கூரையை நாடாவால் அளந்தான். ஆர் அது என்று கேட்டேன். "கூரை பாக்க வந்தவர்" என்றார், அவ்வளவுதான். வீட்டுக் கூரையை அளந்து பார்க்கிறவன் யார்? வாங்குகிறவன்தானே?

"வீட்டை விக்கப்போறார்" என்று கணவரிடம் சொன்னேன்.

"உமக்கு எப்பவும் இதுதான். நேரை கேளுமன்."

"நீங்கள் கேளுங்கோவன்."

அவர் மாடு அவிழ்க்கப் போய்விட்டார். இப்படியான நேரங்களில் எங்கள் மாட்டுக்கு அவரைவிட்டால் ஆளில்லை.

அடுத்தநாள் மத்தியானம் அண்ணைக்குச் சோறு போட்டேன். இரண்டாவது அகப்பை சோற்றுக் கோப்பைக்கு வருமுன்னமே கையை மறித்து "காணும்" என்றார். அதற்குமேல் எனக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணை, வீட்டை விக்கிறதெண்டால் எங்களுக்கு நேரை சொல்லுங்கோ. நாங்கள் ஒரு இடம் பாக்கவேணும். சும்மா எல்லாத்துக்கும் காணும் காணும் எண்டுகொண்டு நிக்காதையுங்கோ."

அவர் என்னை விளங்காமல் பார்த்தார். "விக்கிறதோ? ஆர் சொன்னது?"

"கூரையை அளந்தவன்?"

"அவர் சோலார் போடுற ஆள், பிள்ளை. என்னாலை உங்களுக்குக் கரண்ட் காசு கூடக்கூடாது எண்டுதான்."

நான் அகப்பையோடு நின்றேன். அவர் கோப்பையைப் பார்த்தபடியே சொன்னார்.

"என்ரை மனுசி செத்தபிறகு மகன் வீட்டிலைதான் இருந்தனான். நான் குளிச்சால் சுடுதண்ணி முடியுதாம். வெள்ளண எழும்பி லைற் போட்டால் கரண்ட் கூடுதாம். தண்ணியை அளவாப் பாவிக்கச் சொல்லி, மருமகள் ஆரையோ கொண்டு எழுதுவிச்சுக் குளிக்கிற அறைக் கதவிலை ஒரு கடதாசி ஒட்டினவ. இங்கிலீசிலை இல்லை, தமிழிலை. அந்த வீட்டிலை தமிழ் வாசிக்கிறது நான் ஒராள்தான்."

இரண்டு கிழமையாக அவருடைய ஒவ்வொரு செய்கையையும் களவு பிடிக்கிறவளைப்போலப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"திரும்பிப் போக எனக்கு ஏலாது" என்றார். "நீங்கள் ரெண்டுபேரும் ஓமெண்டால் அந்த மூலை அறையிலை இருந்திடுவன். நான் கனக்கப் பாவிக்கமாட்டன், பிள்ளை."

தன் சொந்த வீட்டில் இருக்க என்னிடம் உத்தரவு கேட்டார். நான் ஓம் என்று சொல்லும்வரை அவர் அடுத்த வாய் சோற்றை எடுக்கவில்லை.