அம்மாளாச்சி விடச் சொன்ன விரதம்

என் ஒரே மகளுக்குப் பத்தொன்பது வயதில் சூலகத்தில் புற்றுநோய் என்றார்கள். அவளின் அப்பா உயிரோடு இல்லை. துணுக்காயில் நாங்கள் இருவரும்தான். செய்தி தெரிந்ததும் உறவினர்கள் தொலைபேசியில் அழுதார்கள். வீட்டுக்கு ஒருவரும் வரவில்லை.

யாழ்ப்பாணத்தில் அவளுக்குச் சிஸ்பிளாட்டின் ஏற்றினார்கள். பிளாட்டினத்தில் செய்த மருந்து. கட்டியைக் கரைக்கும், சிறுநீரகத்தையும் வருத்தும், நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று டொக்டர் அம்மா விளங்கப்படுத்தினார். பிள்ளை குடித்ததை எல்லாம் சத்தி எடுத்தாள். இரண்டாம் முறைக்குப் பிறகு, சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய உப்பு இரத்தத்தில் கூடிவிட்டது. அது இறங்காவிட்டால் அடுத்த மருந்து ஏற்ற முடியாது என்று சொல்லி, ஒரு கிழமையில் வரச்சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள்.

எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். அடுத்த பரிசோதனை வரை பகலில் பச்சைத் தண்ணீரும் பல்லில் படாமல் விரதம் இருப்பதாக எங்கள் அம்மன் அம்மாளாச்சிக்கு நேர்ந்தேன்.

இரண்டாம் நாள் மதியம் மகள் தண்ணீர்க் கோப்பையைத் தள்ளிவிட்டாள். வாயில் இரும்பைச் சப்பினது போல இருக்கிறதாம்.

“நீங்கள் குடியுங்கோ. அப்பதான் நான் குடிப்பன்.”

“எனக்கு விரதமடி பிள்ளை.”

“அப்ப எனக்கும் விரதம். அம்மாளாச்சி ரெண்டு பேரையும் சேர்த்துப் பாக்கட்டும்.”

அவள் உதடு வெடித்திருந்தது. நான் சாமியறைக்குள் போய் நின்றேன். நேர்த்தியை முறித்தால் குற்றம். முறிக்காவிட்டால் பிள்ளை. யாரிடம் கேட்பது? “தாயே, நீயே சொல்லு” என்று அழுதேன். படம் பேசவில்லை. ஆனால் அழுது முடிய என் நெஞ்சில் பயம் இல்லை. பிள்ளையின் பிடிவாதத்தில் வந்து நின்றவள் யார் என்று தெரிந்தது.

வெளியே வந்து அவளுக்கு முன்னால் குடித்தேன். அவளும் குடித்தாள். அன்றிலிருந்து நான் ஒரு கோப்பை, அவள் ஒரு கோப்பை. தண்ணீரில் தேசிக்காய்ப் புளி பிழிந்தால் அந்த இரும்பு ருசி கொஞ்சம் குறைந்தது. சத்தி எடுத்தால், சற்றுப் பொறுத்துத் திரும்பவும் தொடங்கினோம்.

பரிசோதனை நாளில் டொக்டர் அம்மா முடிவைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

“இறங்கிட்டுது. நாளைக்கு மருந்து ஏத்தலாம்.”

முன்பின் தெரியாத ஆட்களுக்கு நடுவில் நின்று அழுதேன். ஓடிப்போய்ச் சொல்ல ஒருவரும் இல்லை. அம்மாளாச்சிக்குத்தான் சொன்னேன்.

இப்போது சிகிச்சை முடிந்துவிட்டது. ஸ்கானில் கட்டி இல்லை. அந்த மருந்தால் அவளுக்குக் காது சிலவேளை இரைகிறது. ஒவ்வொரு பரிசோதனைக்கும் முதல்நாள் எனக்கு இன்னும் நித்திரை இல்லை. ஆனாலும் பிள்ளைக்காக என்னை வருத்தி நேர்வதை விட்டுவிட்டேன். விளக்கேற்றி, வேண்டியதைக் கேட்டுவிட்டு, அவளோடு இருந்து சாப்பிடுகிறேன்.

தனித்திருந்து பிள்ளைக்காக அழும் தாய்மாரே, மருந்தையும் விடாதீர்கள், அம்மாளாச்சியையும் விடாதீர்கள். யாரும் வராத வீட்டுக்கும் அவள் வருகிறாள்.