அம்மா கேட்ட சரித்திரப் பாடம்

முதலில் என் கையெழுத்துக்காக மன்னித்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன கை இது. சின்ன ர வர வேண்டிய இடத்தில் பெரிய ற வந்து உட்கார்ந்திருக்கும். ஒற்றெழுத்துகளைப் பல இடங்களில் விழுங்கியிருப்பேன். அச்சுக் கோப்பவர் பார்த்துத் திருத்திக்கொண்டால் புண்ணியமாகப் போகும். நேரில் உட்கார வைத்துச் சொல்லச் சொன்னால் எனக்கு வாய் வராது. நாலு பேர் இருக்கும் இடத்தில் தண்ணீர் கேட்கவே கூச்சப்படுகிறவன். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் பழைய பேப்பர் கடையில் வேலை பார்க்கிறேன். முழுப்பரீட்சை முடிந்தால் எங்களுக்கு அறுவடைக் காலம். பிள்ளைகள் ஒரு வருடமாகச் சுமந்த புத்தகங்களை எடைக்குப் போட வந்துவிடுவார்கள். போன வாரம் ஒரு அம்மா கொண்டுவந்த மூட்டையைப் பிரித்தபோது நடுவில் கையால் தைத்த புத்தகம் ஒன்று கிடந்தது. வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதையை வாரா வாரம் கிழித்துச் சேர்த்து, கோணி ஊசியால் தைத்து, காலண்டர் அட்டை ஒட்டியது. இப்போது யார் அப்படித் தைக்கிறார்கள்? மூக்கருகே கொண்டுபோனேன். மைதாப் பசையும் கரப்பான் எச்சமும் கலந்த அந்த வாசனை. அப்படியே நின்றுகொண்டு நாலு பக்கம் வாசித்துவிட்டேன்.

"அண்ணே, எடை போடுங்க. நாங்க என்ன கதை கேக்கவா வந்தோம்?" என்றார் அந்த அம்மா.

சாதாரணமாகச் சொன்ன வார்த்தைதான். எனக்குக் காது மடல் சுட்டது. கதை கேட்கவே உட்கார்ந்திருந்த வேறொரு அம்மாவின் நினைப்பு வந்துவிட்டது.

ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது வாக்கில் இருக்கும். அப்பா தவறி இரண்டு வருடம் ஆகியிருந்தது. அம்மா புகையிலை மூட்டைகளை அடுக்கிவைக்கிற கிட்டங்கியிலிருந்து இலையை வீட்டுக்கு வாங்கிவந்து, ஈரம் தெளித்து, நடு நரம்பை உருவி எடுத்துக் கொடுப்பாள். சுருட்டுக்குப் போகிற இலை. எங்கள் வீட்டில் சோறு, துணி, என் சிலேட்டுப் பலகை எல்லாமே புகையிலை வாசனை அடிக்கும். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்தவன் தும்மிக்கொண்டே இருப்பான்.

பங்குனி வந்துவிட்டால் எங்கள் சந்தில் பொழுது சாய்கிற நேரத்தில் காது கொடுக்க முடியாது. ஒவ்வொரு வாசலிலும் ஒரு பிள்ளை வாய்விட்டுப் படிக்கும். எந்தத் தாய்க்கும் எழுத்துத் தெரியாது. பிள்ளை படிக்கிறதா என்று தெரிந்துகொள்ள அவர்களுக்கு இருந்த ஒரே அளவுகோல் காதுதான். சத்தம் வந்தால் படிப்பு, நின்றால் ஏமாற்று. என் அம்மா இலை உருவிக்கொண்டே இருப்பாள். நான் மூச்சு வாங்க நிறுத்தினால்கூட, "ஏலே, சத்தம் வரலையே!" என்று குரல் வந்துவிடும்.

அந்தப் பங்குனியில்தான் அந்தோணி என்னிடம் ஒரு புத்தகத்தைக் கொடுத்துவைத்தான். அவன் அண்ணன் தைத்துவைத்த தொடர்கதை. பரீட்சை நேரத்தில் கதைப் புத்தகம் கையில் இருந்தால் அவன் அப்பா தோலை உரித்துவிடுவார். "பரீட்சை முடியுற வரைக்கும் ஒங்க வீட்டுல இருக்கட்டும். நீ தொறந்து பாக்கக் கூடாது, மாதா மேல சத்தியம்" என்றான். மாதா எங்கள் வீட்டுச் சாமி இல்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு அன்றைக்கே திறந்துவிட்டேன்.

வேலப்பன் என்று ஒரு பையன். முத்துக் குளிக்கப் போய்த் திரும்பாத அப்பாவைத் தேடி, ஒரு படகில் சுருட்டிவைத்த பாய்க்குள் ஒளிந்துகொண்டு கடலுக்குப் போகிறான். படகு முழுக்கத் திருடர்கள். எனக்கும் பத்து வயது, எனக்கும் அப்பா இல்லை. பிடித்த பிடியை விட முடியுமா? சரித்திரப் புத்தகத்தை விரித்து, அதற்குள் இதை வைத்துக்கொண்டேன். சத்தம் வர வேண்டுமே. அதனால் கதையையே பாடம் ஒப்பிக்கிற ராகத்தில் இழுத்து வாசிக்க ஆரம்பித்தேன்.

அந்த நாட்களின் சந்தோஷத்தை இன்றைக்கும் மறுக்க மாட்டேன். பள்ளிக்கூடம் விட்டால் ஓட்டமாக ஓடிவருவேன். மற்ற பிள்ளைகள் வாய்ப்பாட்டில் மாட்டிக்கொண்டு கிடக்க, நான் உப்புக் காற்றில் போய்க்கொண்டிருப்பேன். பரீட்சை நெருங்க நெருங்க ருசி கூடியது. பரீட்சை இல்லாத மாதத்தில் அதே கதையை வாசித்திருந்தால் அத்தனை இனித்திருக்குமா, தெரியவில்லை.

மூன்றாம் நாள் அம்மாவின் கை நின்றது. நிமிர்ந்து பார்த்தேன். இலையை மடியில் போட்டுவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது எந்தப் பாடம் அப்பு?"

"சரித்திரம்மா."

"பொறகு? அந்தத் திருட்டுப் பய பாயைப் பிரிச்சானா?"

அன்றிலிருந்து நானும் கொஞ்சம் புத்திசாலியானேன். பாடம் மாதிரி இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு அத்தியாயத்தின் முடிவிலும், "கேள்விகள். ஒன்று. வேலப்பன் எங்கே ஒளிந்திருந்தான்?" என்று சொந்தமாகச் சேர்த்தேன். நான் வாய் திறக்கும் முன் அம்மா பதில் சொல்வாள். "சுருட்டுன பாய்க்குள்ளதான். இதைக்கூடவா கேப்பாக?" கடலைப் பார்த்தறியாதவள். "கடல்னா நம்ம கொளம் மாதிரி எத்தனை இருக்கும்?" என்று கேட்டாள். எனக்கும் தெரியாது. நூறு குளம் என்றேன். "அம்புட்டுத் தண்ணியிலயா அந்தப் பச்சப் புள்ள போறான்!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கையில் புகையிலை நெடி இருந்ததால் கண் இன்னும் எரிந்தது.

எதிர்வீட்டுப் பேச்சியக்காளும் வந்து உட்கார ஆரம்பித்தாள். அவள் மகன் இரண்டாம் வகுப்பு. "எங்க பய நாலுமாசமா ஓரெண்டு ரெண்டுலயே நிக்கிறான். ஒம் மகன் பாடம் மட்டும் படகுல போகுதே ராக்காயி!" என்றாள். அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "அஞ்சாப்புன்னா சும்மாவா" என்றாள்.

அந்தப் புத்தகம் முடியாமலே முடிந்தது. அந்தோணியின் அண்ணன் வெளியூர் வேலைக்குப் போய்விட்டதால் கடைசி வாரங்கள் தைக்கப்படவில்லை. படகில் ஓட்டை விழுந்து தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது, அதோடு சரி.

"பொறகு?" என்றாள் அம்மா.

"மிச்சம் ஆறாப்புல வரும்மா."

யோசிக்காமல் வந்த பொய். அம்மா நம்பினாள்.

பரீட்சையில் என்ன நடந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சரித்திரப் பரீட்சையன்று கரும்பலகையில் இருந்த ஐந்து கேள்விகளையும் அழகாக எழுதி, ஒவ்வொன்றின் கீழும் கோடு போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன். கணக்கும் அப்படித்தான். பெயில்.

எங்கள் வீட்டில் பெயில் என்றால் படிப்பு முடிந்தது என்று அர்த்தம். ஆறாம் வகுப்புக்குப் போனால் படிக்கட்டும், இல்லையென்றால் கிட்டங்கிக்கு அனுப்புகிறேன் என்று அம்மா அங்கே இருந்த மேஸ்திரியிடம் வாக்குக் கொடுத்திருந்தாள். அவர் ஒருவர்தான் எங்களுக்கு வேலை கொடுக்கிறவர். அவரிடம் சொன்ன சொல்லை மீற முடியாது.

அம்மா முகத்தைக் கழுவி, நல்ல சேலை கட்டிக்கொண்டு, என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள். தலைமையாசிரியரைப் பெரிய சார் என்போம். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். வாசலில் ஒரு சின்ன வாத்தியார் நின்றார்.

"எம்மகன் படிக்கலேன்னு எப்படிச் சொல்லலாம்? பங்குனி பூராம் பக்கத்துல ஒக்காந்து கேட்டவ நானு. ஒரு நா சத்தம் நின்டதில்ல" என்றாள் அம்மா.

"என்னம்மா படிச்சான்?"

"சரித்திரம். இவன் பயந்த பய, வாய் தொறக்க மாட்டான். நான் சொல்றேன், நீங்க சரியான்னு பாருங்க."

சொன்னாள். பாய்க்குள் ஒளிந்ததிலிருந்து படகில் தண்ணீர் ஏறியது வரை ஒன்று விடாமல் சொன்னாள். திருடர்கள் பெயரையெல்லாம் வரிசையாகச் சொன்னாள். நான் தரையில் ஓர் எறும்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த எறும்பு போன வழி இன்னும் எனக்குத் தெரியும்.

"இது எந்த ராசா காலத்துல நடந்துச்சும்மா?" என்று கேட்டுவிட்டுச் சின்ன வாத்தியார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"அதை இவன் படிக்கலை. புத்தகத்துல விட்டுப்போச்சு போல" என்றாள் அம்மா. "மிச்சப் பாடம் ஆறாப்புல இருக்காம்ல. அதுக்காகவாச்சும் இவனை ஏத்திவிடுங்க சாமி."

பெரிய சார் சின்ன வாத்தியாரைப் பார்த்து, "நீங்க போயி அந்த ரிஜிஸ்டரை எடுத்துட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார். பிறகு என்னைப் பார்த்தார். அடித்துவிடுவார் என்று நினைத்தேன்.

"அம்மா சொன்னதெல்லாம் நீ வாசிச்சதுதானாப்பா?"

தலையாட்டினேன்.

"நல்லாத்தான்மா வாசிச்சிருக்கான்" என்றார் அம்மாவிடம். "எழுதுறப்ப கோட்டை விட்டுட்டான். ஒண்ணு செய்வோம். பள்ளிக்கூடம் தொறக்குறதுக்கு முந்துன வெள்ளிக்கிழமை காலையில இவனை அனுப்புங்க. தனியா ஒக்கார வச்சு எழுதச் சொல்றேன். தேறிட்டான்னா ஆறாப்புதான்."

சரித்திரப் புத்தகத்தில் மூன்று பாடங்களுக்கும், கணக்கில் இரண்டு இடத்துக்கும் காகிதத் துண்டு வைத்துக் கொடுத்தார். வாசல் வரை வந்து, "இதை மட்டும் படி. போதும்" என்றார் மெதுவாக. அம்மாவின் காதில் விழாமல்.

அதைப் படித்திருக்க வேண்டாமா? ஒரு மாதம் இருந்தது. ஆனால் எங்கள் வீட்டில் படிப்பது என்றால் சத்தமாகத்தான் படிக்க வேண்டும். உண்மையான பாடத்தைச் சத்தமாக வாசித்தால், "இது வேற என்னமோல்ல இருக்கு, நம்ம பாடம் எங்க?" என்று அம்மா கேட்பாள். முதல் நாளே கேட்டாள். "மறந்துபோயிரும்டா, அந்தப் படகுப் பாடத்தையே திருப்பிப் படி" என்றாள். நான் திருப்பி அதையே படித்தேன். அந்தோணி வந்து புத்தகத்தை வாங்கிப் போன பிறகும், மனப்பாடமாக வாசித்தேன். ஒரு வார்த்தை, "அம்மா, அது பாடம் இல்லை" என்ற ஒரு வார்த்தை போதும். அது என் வாயில் வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை அம்மா எண்ணெய் வைத்துத் தலை சீவி, திருநீறு பூசி அனுப்பினாள். பள்ளிக்கூடத்து வேலிவரை போனேன். சன்னல் வழியாகப் பெரிய சார் தெரிந்தார். ஆளில்லாத வகுப்பில், முன் பெஞ்சில் காகிதமும் மைக்கூடும் எடுத்துவைத்துக்கொண்டிருந்தார். பேனாக் கட்டையைத் துணியால் துடைத்து வைத்தார். அதைப் பார்த்ததும் என் கால் திரும்பிவிட்டது. நேரே குளத்தங்கரைக்குப் போய் உச்சிப் பொழுதுவரை உட்கார்ந்திருந்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

"என்னடா சொன்னாரு?"

"எடமில்லைன்னுட்டாரும்மா."

அம்மா இலைக் கட்டை இழுத்துப் பிரித்தாள். பிறகு, "ஏழை வீட்டுப் பிள்ளைன்னா அம்புட்டு எளக்காரம்" என்றாள். திங்கட்கிழமை நான் கிட்டங்கிக்குப் போனேன்.

அதற்குப் பிறகு சந்தையில் எங்கே பெரிய சாரைப் பார்த்தாலும் அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வாள். சில நாள் அவர் காதில் விழும்படியே, "வாக்குக் குடுத்துட்டு மாத்திப் பேசுற ஆளு" என்பாள். அவர் காய்கறிப் பையோடு குனிந்தபடி போய்விடுவார். ஏன் என்று ஒரு நாளும் நின்று கேட்கவில்லை. நான் அம்மாவுக்குப் பின்னால் கூடையைச் சுமந்துகொண்டு நிற்பேன்.

கிட்டங்கிப் புழுதி நெஞ்சுக்கு ஒத்துவராமல் இந்தக் கடைக்கு வந்து சேர்ந்தேன். வேலை ஓய்ந்த நேரத்தில் எடைக்கு வந்ததையெல்லாம் வாசிப்பேன், வாய்க்குள்ளேயே. ஒருநாள் பெரிய சார் ஒரு பையில் பழைய தாள்களோடு வந்தார். நன்றாக வயதாகியிருந்தது. என்னைத் தெரியாது என்று நினைத்துத் தராசைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"ராக்காயி மகன்தானே?"

"ஆமா சார்."

"அம்மா சொகமா இருக்காங்களா?"

"இருக்காங்க சார்."

பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். போகவில்லை.

"அன்னைக்கு நான் சாயங்காலம் வரைக்கும் இருந்தேம்ப்பா. நான் இல்லாத நேரம் நீ வந்துட்டுப் போயிருவியோன்னு சாப்பிடக்கூடப் போகலை."

எனக்கு அப்போது முப்பது வயது. கல்யாணம் ஆகி ஒரு பிள்ளையும் இருந்தது. எல்லாவற்றையும் அங்கேயே சொல்லியிருக்கலாம். காலில்கூட விழுந்திருக்கலாம்.

"காய்ச்சல் சார்" என்றேன்.

"அப்படியா. அதான பாத்தேன். காய்ச்சலாத்தான் இருக்கும்னு நானும் நெனச்சேன்" என்றார். வெயிலுக்குப் பையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு போனார்.

அவர் இறந்ததை ஒரு மாதம் கழித்துத்தான் கேள்விப்பட்டேன். அம்மாவிடம் சொன்னேன். "நல்லவனா இருந்தா நம்மளைக் கைதூக்கி விட்டிருப்பான்" என்றாள். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. அவரைத் திட்டிக்கொண்டே அவளும் போய்ச் சேர்ந்தாள். கிட்டங்கி இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம். பள்ளிக்கூடத்தை இடித்துவிட்டார்கள், அங்கே லாரிகள் நிற்கின்றன. எங்கள் சந்தில் மாடி வீடுகள் வந்துவிட்டன, பேச்சியக்காளின் பேரன் எந்த ஊரில் இருக்கிறான் என்றே தெரியவில்லை. பெரிய சார் வாக்கு மாறாதவர் என்று சொன்னால், அவர் யார் என்று கேட்கக்கூட இன்றைக்கு அந்தச் சந்தில் ஆள் இல்லை. அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

சித்திரை இருபத்திரண்டு, ஞாயிற்றுக்கிழமை.