பாடினால் ஆண்

எப்சியின் ஆராய்ச்சி குண்டுகரிச்சான் குருவியின் பாட்டைப் பற்றியது. ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒற்றை அறையில் குடியிருந்தாள். விடிந்ததும் மைக்கைத் தூக்கிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போய்விடுவாள். கூட வருகிறவள் சக்தி. இருவருக்கும் பிஎச்டி ஒரே பேராசிரியரிடம், தோத்தாத்ரி சாரிடம். மதியச் சாப்பாடும் ஒரே டிபன் பாக்ஸில்தான்.

சாரின் லேபில் ஒரு வழக்கம். குருவி கண்ணில் படாவிட்டாலும் பரவாயில்லை. பாட்டு பதிவானால் 'ஆண்' என்று போட்டுவிடுவார்கள். பெண் என்றால் வாயை மூடிக்கொண்டு முட்டை மேல் உட்கார்ந்திருக்கும் என்பது அவர்கள் நினைப்பு. அறிவியலுக்குள்ளும் ஒரு மாமியார் உட்கார்ந்திருக்கிறாள், என்ன செய்ய.

ஒருநாள் பாடிய குருவி எப்சியின் கண்ணிலேயே பட்டுவிட்டது. ஆணுக்கு உள்ள கறுப்பில்லை, சாம்பல் நிறம்.

"பெண்ணு சார்," என்றாள்.

"சின்ன ஆணும்மா. கலர் இன்னும் வரல," என்றார் தோத்தாத்ரி சார்.

எப்சி விடவில்லை. அனுமதி வாங்கி, வலையில் பிடித்து, ஒரு சொட்டு ரத்தத்தைச் சோதனைக்கு அனுப்பினாள். பெண் என்றே வந்தது. அப்படியென்றால் பார்க்காமல் 'ஆண்' என்று போட்ட அத்தனை பதிவும் சந்தேகம்தான். எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டும் என்றாள்.

சக்திக்கு முகம் வெளுத்துவிட்டது.

"என் தீசிஸும் அதே டேட்டாதான், எப்சி. முடிச்சா வேலை ரெடியா இருக்கு. இப்பப் போய் இதைக் கிளப்பணுமா?"

"தப்புன்னு தெரிஞ்சே எப்படி சக்தி எழுதறது?"

சார் நல்ல மனிதர், யாரையும் திட்டவில்லை. "உன் தீசிஸ்ல மட்டும் மாத்திக்கோம்மா," என்றார். எப்சி பழைய பதிவுகளை ஒதுக்கிவிட்டு மறுபடி ஏரிக்கரைக்குப் போனாள், தனியாக. பாடுகிற குருவியைக் கண்ணால் பார்க்கும்வரை காத்திருக்க வேண்டும். சில நாள் ஒன்றுமே சிக்காது. லேபில் அவள் நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். அதுதான் அவளை அதிகம் வாட்டியது. டிபன் பாக்ஸைத் திறந்தால் சாப்பாடு இறங்காது.

சக்தியின் தீசிஸ் அதே டேட்டாவோடு முடிந்து, எல்லார் முன்னும் நடக்கும் வாய்மொழித் தேர்வான வைவாவும் வந்தது. கடைசி வரிசையில் எப்சி. திரையில் பாட்டுகள் ஓடின, எல்லாம் 'ஆண்'. யாருக்காவது கேள்வி உண்டா என்றார்கள். எப்சி எழுந்தாள்.

"பாடினது ஆணுன்னு எப்படித் தெரிஞ்சுது?"

சக்தி சாரைப் பார்த்தாள். பிறகு எப்சியை நேராகப் பார்த்தாள்.

"பாடுதே, அதனாலதான், மேடம்."