அமாவாசைக்கு ஊமையாகும் பெட்டியும் ஜெயசீலியும்

செவ்வாய்க்கிழமை காலை ஆரம்பாக்கம் ஒர்க்‌ஷாப்பில் ஒரு மீன் வண்டிக்கு அடியில் படுத்திருந்தபோது கைபேசி அடித்தது. எடுக்கவில்லை. மூன்றாம் முறை அடித்ததும் எரிச்சலோடு எடுத்தேன். கோட்டைக்குப்பத்திலிருந்து ஜெயசீலியின் தங்கை. "அக்கா போயிட்டாங்கண்ணா. விடிகாலைல நெஞ்சு வலிக்குதுன்னாங்க. பொன்னேரி ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள..." எனக்கு வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வர வெகுநேரம் ஆயிற்று.

பதினோரு வருடம் நானும் அவரும் ஒரே மேசையில் வேலை பார்த்தோம். ஐஸ் போட்டு மீன் ஏற்றும் வண்டிகளில், டேஷ்போர்டுக்குள், கையகலத்தில் ஒரு ஜிபிஎஸ் பெட்டி இருக்கும். வண்டி எங்கே நிற்கிறது, எஞ்சின் எப்படி ஓடுகிறது, பின்னால் மீன் அறையில் எவ்வளவு குளிர் என்பதையெல்லாம் அது கம்பெனிக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். அது பேச்சை நிறுத்தினால் காரணம் கண்டுபிடிப்பது எங்கள் வேலை. என்னிடம் லேப்டாப்பும் ஸ்கேனரும் இருந்தன. அவரிடம் ஒரு பழைய மீட்டர். யார் முதலில் கண்டுபிடிப்பார்கள் என்று மட்டும் கேட்காதீர்கள், என் மானம் போய்விடும்.

வண்டியின் கருவிகள் முறுக்கிய இரண்டு கம்பிகள் வழியாகத்தான் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. பேட்டரியைக் கழற்றிவிட்டு அந்தக் கம்பிகளுக்கு நடுவே மீட்டரை வைத்தால் அறுபது ஓம் காட்ட வேண்டும். "அறுபதுன்னா கம்பியோட ரெண்டு முனையும் உயிரோட இருக்குது. நூத்தி இருபதுன்னா ஒரு முனை அறுந்துட்ச்சி. கொறைஞ்சா நடுவுல எவனோ பூந்துட்டான்" என்பார் ஜெயசீலி.

சேர்ந்த புதிதில் ஒரு வண்டிக்கு நான் இரண்டு முறை பெட்டியை மாற்றியும் அது பேசவில்லை. அவர் மீட்டரை வைத்தார், டேஷ்போர்டைக் கழற்றினார், சிரித்தார். ஓட்டுநர் மாதா படத்துக்குச் சீரியல் பல்பு போட அந்தக் கம்பிகளிலிருந்தே கரண்ட் இழுத்திருந்தார். ஜெயசீலி பல்பைப் பிடுங்கி எறியவில்லை. வேறு ஃப்யூஸிலிருந்து ஒயர் கொடுத்து எரியவிட்டு, "எவனோ பூந்துட்டான்னு சொல்லிட்டேன், மாதா மன்னிக்கணும்" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

ஆனால் அவரை நினைக்கும்போது என் நெஞ்சு விம்முவது ஏழுமலை விஷயத்தில்தான். ஏழுமலை பழவேற்காட்டிலிருந்து நண்டும் இறாலும் ஏற்றிச் செல்லும் ஓட்டுநர். அவர் வண்டிப் பெட்டி சில நாட்களில் காலையில் ஊமையாகும், மதியம் தானாகப் பேசும். வழியில் சரக்கை இறக்கி விற்கப் பெட்டியை அணைக்கிறார் என்று கம்பெனி சந்தேகப்பட்டது. வண்டி எங்களிடம் வந்தது. மூன்று நாள் பார்த்தோம். எல்லாம் சரியாக இருந்தது. 'கோளாறு இல்லை' என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். அந்தத் தாளை வைத்துத்தான் ஏழுமலையை வேலையிலிருந்து நீக்கினார்கள்.

மறுநாளே அவர் ஒர்க்‌ஷாப் வாசலில் வந்து நின்றார். "வேல போனா போவுது அக்கா. எங்க ஜனங்க எம்மேல நம்பிக்கை வெச்சி நண்டு ஏத்துனாங்க. இப்ப திருடன்னு ஆயிட்ச்சி. நான் இன்னா பண்ணேன்?"

ஜெயசீலி உள்ளே போய், பெட்டி ஊமையான நாட்களின் பட்டியலை எடுத்து, சுவரில் தொங்கிய தினசரி காலண்டரோடு ஒத்துப் பார்த்தார். எல்லாமே அமாவாசை, பௌர்ணமி, அதை ஒட்டிய ஓரிரு நாட்கள். "பேய் கீய் பிடிச்சிருக்குமோ?" என்று கிண்டல் செய்தேன்.

"யோவ், அமாவாசைக்கு இன்னா ஆவும்? தண்ணி ஏறும்யா!"

கடல் தண்ணீர் ஏறி இறங்கும் பழவேற்காடு ஏரிக்கரையில் பிறந்தவருக்கு அது போதும். அடுத்த பௌர்ணமியன்று காலையில் ஏழுமலையையும் கூட்டிக்கொண்டு அதே வண்டியில் படகுத்துறைக்குப் போனோம். அங்கே நண்டுக் கூடைகளைத் தலையில் சுமக்காமல் இருப்பதற்காக, வண்டியைப் பின்பக்கமாகச் சரிவில் இறக்கிப் படகோடு ஒட்டி நிறுத்துவது எல்லா ஓட்டுநருக்கும் பழக்கம். மற்ற நாட்களில் தண்ணீர் டயரோடு நின்றுவிடும். நாங்களும் அப்படியே நிறுத்தினோம். ஜெயசீலி புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கி வண்டியின் அடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மேலே வண்டிக்குள் மீட்டரோடு உட்கார்ந்து எண்ணைச் சத்தமாகச் சொல்ல வேண்டும்.

"அறுபது... அறுபது..." வெகுநேரம் அதே எண். தண்ணீர் ஏறியது. "ஐம்பத்தாறு... நாற்பது..."

கூட்டம் கூடிவிட்டது. "இன்னாபா, ஏலமா? வெல எறங்கிக்கினே போவுது?" என்று ஒரு மீனவர் கேட்டார். முப்பதுக்கு வந்தபோது ஏழுமலை தலையில் கைவைத்துக் கரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

மீன் அறையின் குளிரை அளக்கும் கருவிக்குப் போகும் கனெக்டர் வண்டிக்கு அடியில் இருந்தது. அதன் ரப்பர் கிழிந்திருந்தது. உப்புத் தண்ணீர் உள்ளே புகுந்து இரண்டு கம்பிகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தது. மதிய வெயிலில் காய்ந்ததும் பெட்டி பேசும். நாங்கள் மூன்று நாள் பார்த்தது காய்ந்த வண்டியை.

கம்பெனியார் ஏழுமலையைச் சத்தமில்லாமல் திரும்பச் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார்கள். ஜெயசீலி விடவில்லை. "பேரைக் கெடுத்தது சத்தமாத்தானே?" என்றார். மறுநாள் மீன் ஏலம் நடக்கும் நேரத்தில் துறைக்குப் போய், அத்தனை பேர் நடுவிலும் நின்று சொன்னார்: "ஏழுமலை எதையும் அணைக்கல. சரியாப் பாக்காம கையெழுத்துப் போட்டது நான். திட்றதுன்னா என்னைத் திட்டுங்க." அவர் பக்கத்தில் நின்று "நானும்தான்" என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. கூடவே கையெழுத்துப் போட்டவன் நான். இன்றுவரை அந்த வெட்கம் எனக்குண்டு, அவர் மேல் பிரமிப்பும் உண்டு. அதற்குப் பிறகு எங்கள் பிரிவில் யாரும் 'கோளாறு இல்லை' என்று எழுதுவதில்லை. 'நாங்கள் பார்த்த நேரத்தில் தெரியவில்லை' என்று மட்டுமே எழுதுகிறோம்.

புதன்கிழமை அடக்கம். கல்லறைத் தோட்ட வாசலில் சரக்கு வண்டியை நிறுத்திவிட்டு ஏழுமலையும் வந்திருந்தார். குழியில் பெட்டியை இறக்கும்போது அவர் கைபேசி அடித்தது. வண்டி போக வேண்டிய வழியில் போகாமல் எங்கேயோ நிற்பதைத் திரையில் பார்த்துவிட்டுக் கம்பெனியிலிருந்து கேட்கிறார்கள்.

ஏழுமலை குரலைத் தாழ்த்தவில்லை. "ஜிபிஎஸ் சரியாத்தான் சொல்லுது சார். வண்டி கல்லறை வாசல்ல நிக்குது. ஜெயசீலி அக்காவுக்கு மண்ணு போட்டுட்டுத்தான் எடுப்பேன். அப்டியே எழுதிக்குங்க."

பிறகு குனிந்து ஒரு பிடி மண் எடுத்தார். நானும் எடுத்தேன்.

நிம்மதியாகப் போங்கள், ஜெயசீலி. ஒரு மனிதரை இப்படி நிமிர்ந்து பேச வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறீர்கள்.