ராஸ்பெர்ரிக்குக் கவாத்து

எனக்கு ரோஜா வளர்க்கத் தெரியும். பிரேசர் டவுனில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள். யாரும் கேட்காவிட்டால் நானே சொல்லிவிடுவேன். தசரா கழிந்து மழை குறைந்ததும் கத்தரியை எடுத்துச் செடிகளைக் கவாத்து பண்ண வேண்டும். அப்போதுதான் கிறிஸ்துமஸுக்குப் பூ தப்பாமல் வரும். இந்த ஒரு வித்தையை வைத்துக்கொண்டு உலகத்திலுள்ள எல்லாச் செடிகளையும் மேய்த்துவிடலாம் என்று நினைத்திருந்தேன்.

ஐம்பதுகளின் நடுவில் எங்களுக்குக் கல்யாணமான புதிது. என் மனைவி ஒருநாள் காலை ரொட்டியில் சர்க்கரை தூவிக்கொண்டே தன் கான்வென்ட் கதையைச் சொன்னாள். ஞானோபதேசப் பரீட்சையில் முதலாவதாக வந்ததற்கு ஒரு சிஸ்டர் அவளுக்கு ராஸ்பெர்ரி ஜாம் கொடுத்தாராம். "ஒரே ஒரு ஸ்பூன்தாங்க. அந்தப் பழத்தை ஒரு தடவை கண்ணால பார்த்துத் தின்னணும்" என்றாள். புது மாப்பிள்ளை வாயை மூடிக்கொண்டு இருப்பேனா? "இதென்ன பிரமாதம்! நம்ம தோட்டத்துலயே பறிச்சுத் தர்றேன்" என்று சொல்லிவிட்டேன்.

குன்னூரிலிருந்து ஆறு கன்றுகள் ஈரச் சாக்கில் சுற்றி ரயிலில் வந்தன. அவளுடைய கீரைப் பாத்தியைக் கொத்திப்போட்டு அங்கே நட்டேன். மழைக்காலத்தில் முள்தண்டுகள் என் தோளுயரம் எழும்பின. தசரா முடிந்தது. ரோஜாவோடு சேர்த்து அவற்றையும் தரையோடு வெட்டினேன்.

மறுவருஷம் தண்டு வந்தது, பழம் வரவில்லை. வெட்டியது போதவில்லை என்று முடிவு கட்டி இன்னும் ஒட்ட வெட்டினேன். ஆபீசில் ஏற்கெனவே தம்பட்டம் அடித்தாகிவிட்டது. நான் நாற்காலியில் உட்காருவதற்குள், "ஹண்ணு பந்த்தா, சார்?" என்று பக்கத்து மேஜைக்காரர் கன்னடத்தில் பழத்தை விசாரிப்பார். "அடுத்த வருஷம், சார்" என்பேன்.

மூன்றாம் வருஷம் பிப்ரவரியில் மனைவி தோட்டத்திலிருந்து ஓடிவந்தாள். "என்னங்க, துவைக்கிற கல்லுக்குப் பின்னாடி ஒரு குச்சியை வெட்டாம விட்டுட்டீங்க. அதுல மொட்டு மாதிரி இருக்கு. வெட்டாம விட்டாத்தான் காய்க்குமோ என்னவோ!"

"உனக்குக் கீரையைத் தவிர என்ன தெரியும்?" என்று சொல்லிக்கொண்டே போய் அதையும் வெட்டிவிட்டு வந்தேன். அட மடையா என்று இன்று என்னையே திட்டிக்கொள்கிறேன். அன்று அவள் திட்டவில்லை.

அந்த அக்டோபரில் எனக்கு மஞ்சள் காமாலை. ஆறு வாரம் மோரும் கீழாநெல்லியுமாகப் படுத்துக் கிடந்தேன். படுக்கையிலிருந்தும் அதிகாரம் போகவில்லை. "ரோஜாவை வெட்டினியா? ராஸ்பெர்ரியை வெட்டினியா?" என்று உயிரை வாங்கினேன். "எல்லாம் ஆச்சு, நீங்க மோரைக் குடிங்க" என்றாள். எழுந்து தோட்டத்துக்குப் போனபோது ராஸ்பெர்ரித் தண்டுகள் ஆளுயரம் நின்றன. வெட்டிய ஒரு மாதத்தில் என்னமாய்த் துளிர்த்திருக்கிறது என்று பூரித்துப்போனேன். இப்படியும் ஒரு தோட்டக்காரன்!

அடுத்த ஏப்ரலில் பழம் வந்தது. சிவப்பாக, பார்க்கவே வாயூறும்படி, ஒரு கிண்ணம் நிறைய. மற்றதெல்லாம் காயாக இருந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நானே பறித்தேன். அந்தக் கிண்ணத்தை அப்படியே ஆபீசுக்குக் கொண்டுபோய் மேனேஜர் மேஜைமேல் வைத்தேன். ஆளுக்கு இரண்டாகத் தின்றார்கள். எல்லாம் கவாத்தில்தான் இருக்கிறது என்று அரைமணி நேரம் பிரசங்கம் பண்ணினேன். அதற்குள் வீட்டில் மிச்சக் காய்களைக் கொண்டைக்குருவிகள் ஒரு கை பார்த்துவிட்டன.

மறுபடியும் தசரா வந்தது. நான் கத்தரியோடு கிளம்பியபோது மனைவி வந்து கையைப் பிடித்தாள்.

"அதை வெட்டாதீங்க. போன வருஷம் நான் வெட்டவே இல்ல. பழசா நின்ன குச்சியிலதான் காய்ச்சுது."

எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. "இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமில்ல? ஆபீஸ் முழுக்கப் பீத்திட்டு வந்தேனே!"

"அவ்வளவு சந்தோஷமாக் கெளம்பிப் போனீங்க. எப்படிச் சொல்றது?"

தோற்றுப்போனவன் பேச்சை மாற்றத்தானே பார்ப்பான்? "சரி, அது போகட்டும். சிஸ்டர் குடுத்த ஜாம் மாதிரியே இருந்துச்சா?" என்று கேட்டேன்.

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"நான் எங்கேங்க தின்னேன்? கிண்ணத்தோட நீங்கதான் தூக்கிட்டுப் போயிட்டீங்களே."

கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன். அவள் சும்மாதான் சொன்னாள். யாருக்காக அந்தச் செடியை நட்டேன் என்பதே அந்த நாலு வருஷத்தில் எனக்கு மறந்துபோயிருந்தது.